வாடகை வீட்டுச் சைவம்

சேசு மரி சூசை

செப்டம்பர் 1999

அன்பு மகள் சகாய பிரியாவுக்கு அம்மா சவுரியம்மாள் எழுதுவது. மாதாவின் கிருபையில் நீ மஸ்கட்டில் கைகால் சுகத்தோடு வேலைக்குப் போய்வந்துகொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அப்பாவும் உன் மகள் ஜாக்குலினும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மாப்பிள்ளை மெட்ராஸிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார், கொஞ்சம் இளைத்திருக்கிறார், கேட்டால் மெஸ் சாப்பாடு என்கிறார். மாதா கோயில் கொடி இறக்கியாகிவிட்டது, இந்த வருஷம் சப்பரம் நம் தெருப்பக்கம் திரும்பாமலே போய்விட்டது, யார் சொல்லித் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியும், அது இருக்கட்டும். மல்லாட்டைக்கு மழை போதவில்லை, செடியில் கடலை திரளவில்லை. உன் அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஜாக்குலின் கேப்பை அடை என்றால் இரண்டு தின்கிறாள், இட்லி என்றால் ஓடுகிறாள், அந்த ஒரு விஷயத்திலாவது அவள் என் பேத்தி.

நல்ல மனசோடு உட்கார்ந்து இந்தக் கடிதம் எழுதவில்லை பிரியா. ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. சோற்றைப் பார்த்து இல்லை, மனுஷர்களைப் பார்த்து. அதில் நீயும் உண்டு, அதனால் நடுவில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி. போனில் சொன்னால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

போன வாரம் உன் தம்பி பிரான்சிஸ் வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் வேலை கிடைத்த கையோடு டெப்போவுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் வாடகைக்குப் போனானே, அந்த வீடுதான். அன்புச்செல்விக்கு இப்போது ஏழாம் மாசம். தாயில்லாப் பெண், கண்டாச்சிபுரத்தில் ஒரு அண்ணன்காரன் இருந்தும் இல்லாத கதை, நாம்தான் பார்க்க வேண்டும். முன்பக்கம் ஆள் இல்லை என்று பின்பக்கம் போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு செங்கல் துண்டைச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவைக்குள் மறைத்தாள். உதடெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பு என்பதே இல்லை, வெந்த முள்ளங்கி. எங்கள் காலத்தில் பிள்ளைத்தாச்சி மண் தின்றால் உடம்பில் ரத்தம் இல்லை என்று மாமியாருக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கே ஈரலோ, சுவரொட்டி என்கிற மண்ணீரலோ வாங்கி வந்துவிடுவார்கள். நீயும் ஒரு ஆஸ்பத்திரியில்தானே வேலை செய்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை.

நானும் சும்மா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடு அறுத்துப் பெரிய கறி போடுகிறவனிடம் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கி, மிளகு தட்டிப் போட்டு வறுத்துத் தூக்குச்சட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். சட்டியை நடுக்கூடத்தில் வைப்பதற்குள் வீட்டுக்காரம்மாள் வந்துவிட்டாள், லட்சுமியம்மாள் என்று பேர், மேல் வீட்டில் குடி. “வாங்கம்மா, மருமவளுக்கு இன்னா கொண்டாந்திருக்கீங்க”ன்னு மூக்கை நீட்டிக்கொண்டு கேட்டாள். அன்புச்செல்வி என் முந்தானையை இழுத்தாள். கீரைங்க என்றேன். என் வாயால் கீரை என்றேன் பிரியா, அந்த வாயை நானே உப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது. அந்த அம்மாள் சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டு, “ஒங்க மருமவ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரிம்மா, இவங்களுக்கு முன்ன ஒருத்தர் குடி இருந்தாங்க, ஒருநாள் கருவாடு வறுத்துட்டாங்க, நாங்க அவங்கள அனுப்பிட்டு வூடு பூரா மஞ்சத்தண்ணி போட்டுக் கழுவிவுட்டோம்”ன்னு சொல்லிச் சிரிக்கிறாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவளிடம் சொல்கிறாள். அவள் உட்கார்ந்திருந்த வரைக்கும் சட்டியை என் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திருட்டுப் பொருளை மறைக்கிறவள் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் எழுந்து போன பிறகு கேட்டேன். அன்புச்செல்வி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வீடு பார்க்க வந்த அன்றைக்கே, கிறிஸ்தவங்கன்னா கறி துன்னுவீங்களே என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள், உன் தம்பி, இல்லீங்க நாங்க அதெல்லாம் வுட்டுட்டோம், சுத்த சைவம்னு சொல்லியிருக்கிறான். ஒரு வருஷமாக அந்த வீட்டில் ஒரு முட்டை உடைந்தது இல்லை. முதலில் ஒரே ஒருநாள் மட்டும் முட்டை வாங்கி வந்து அவித்திருக்கிறார்கள், ஓட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் இவன் காக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய் மயிலம் தாண்டி பஸ் ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறான், அதோடு அதையும் விட்டுவிட்டார்கள். கேட்கவே எனக்கு உடம்பு கூசியது. திருடனுக்குக் கூட இவ்வளவு பயம் இருக்காது.

இதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது. அன்று மதியம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உன் தம்பியைப் பிடித்தேன். விழுப்புரம் டிரிப்பு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஓட்டலில் இருந்து வெளியே வருகிறான், வாயில் பாக்கு. கிட்டே போனால் சால்னா வாசனை. பெண்டாட்டி வீட்டில் செங்கல் சுரண்டுகிறாள், இவன் லைனில் ஓடும்போது விழுப்புரத்தில் ஒரு பிரியாணி, திண்டிவனத்தில் ஒரு பரோட்டா என்று தின்றுவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்கு வாசனை தெரியக்கூடாது என்று பாக்குப் போட்டு வாய் கொப்பளித்துப் போய் ரசஞ்சோற்றுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருகிறான். டிரைவர், செக்கர் எல்லாரும் நிற்கும்போதே கேட்டேன், உனக்கு மட்டும் வயிறு ஊரிலேயே நிக்குது, பெண்டாட்டி வயிறு மட்டும் வாடகை வீட்டுக்குப் போச்சாடா என்று. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இன்னாம்மா பண்ணச் சொல்ற, எத்தினி தெரு நடந்தேன்னு ஒனக்குத் தெரியுமா, மொதல்ல பேரக் கேக்கறாங்க, அப்பால எந்தத் தெருன்னு கேக்கறாங்க, அதுக்கும் தப்பிச்சா இன்னா துன்னுவீங்கன்னு கேக்கறாங்க, கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் நான் பொய் சொன்னேன்”ன்னு சொன்னான். ஆனாலும் பாக்கு மென்ற அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை, பெற்ற பிள்ளை என்றாலும் ஆறவில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்காவது போனாளா என்று கேட்டேன். போயிருக்கிறாள், பிரைவேட் ஆஸ்பத்திரி, பேர் எழுத விருப்பம் இல்லை. இவனுக்கு டூட்டி, அதனால் துணைக்கு வந்தது யார் என்று நினைக்கிறாய், லட்சுமியம்மாள். பாவம் என்று ஆட்டோ வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் நல்லவள்தான் பிரியா, வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறாள், தயிர் கொடுக்கிறாள், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது, கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். அந்த ஆஸ்பத்திரியில் சத்துச் சாப்பாடு சொல்லிக் கொடுக்க என்று ஒருத்தியை மேசை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். வரிசையில் இத்தனை பெண்கள் நிற்க, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அவள் கேட்கிறாள், வீட்டுல என்ன சாப்பிடுவீங்க, சைவமா அசைவமா என்று. பக்கத்தில் வீட்டுக்காரம்மாள் நிற்கிறாள். இந்தப் பெண் என்ன சொல்லும். சைவங்க என்று சொல்லிவிட்டது. அவள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்புச்செல்வி எனக்கும் அதைப் படித்துக் காட்டினாள். பாதாம் பருப்பு ஊறவைத்துத் தோல் உரித்துத் தின்ன வேண்டுமாம், மாதுளம்பழ ஜூஸாம், பேரீச்சையாம், பன்னீராம். நம் வீட்டுக் கல்யாணத்தில் தெளிக்கிற பன்னீரா என்று கேட்டேன், இல்லை அத்தை பாலில் செய்கிற கட்டியாம் என்றாள். கண்டாச்சிபுரம் சந்தையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு, பன்னீர்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உன் தம்பி என் வயிற்றில் இருந்தபோது சத்துச் சாப்பாடு சொல்லிக் கொடுக்க என்று ஜீப்பில் ஒருத்தி வந்தாள், நீ பாவாடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாய். காலனிக்குள் இறங்குமுன்பே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். வெயிலில் கருவாடு காய்ந்துகொண்டு இருந்தது, அதைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தாள். இதெல்லாம் துன்றதால்தான் உங்க பிள்ளைங்க இப்பிடி இருக்குதுங்க என்று சொல்லி ஆளுக்கு ஒரு பொட்டலம் பால் பவுடர் கொடுத்துவிட்டுப் போனாள், அதைக் குடித்துத் தெரு முழுக்கப் பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது, உனக்கும் போனது. அவள் கட்டியிருந்த புடவை ஊதாக் கலர், மஞ்சள் கரை. அன்றைக்குக் கைக்குட்டை வைத்திருந்தாள், இன்றைக்கு வருகிறவர்களிடம் கைக்குட்டை இல்லை, மூக்கை நாமே பிடித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்புச்செல்வியிடம், அதை விடு, கதவைச் சாத்திக்கொள், ரெண்டு வாய் தின்னு என்று சட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கிய உடனே வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, தொட்டியடியில் போய்க் கக்கிவிட்டாள். வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள், “மஸ்கட்டு அண்ணி போன்ல சொல்லிச்சி அத்தை, அந்தக் கறிய தொடவே தொடாத, கொழுப்பு, கிருமி, கொழந்தைக்கு ஆவாதுன்னு. பெரிய ஆஸ்பத்திரில இருக்கறவங்க சொன்னா சரியாத்தான இருக்கும். அதுலேர்ந்து நெனச்சாலே கொமட்டுது” என்று.

நீ எங்கே பேசினாய் தெரியுமா. மேல் வீட்டுப் போனில். வீட்டுக்காரம்மாள் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறாய், அவள் சாம்பார் என்று சொல்லியிருக்கிறாள், வேறு என்ன சொல்ல முடியும். நீ உடனே சந்தோஷப்பட்டு, நல்லது, அப்பிடியே இரு என்று சொல்லியிருக்கிறாய். அங்கே உங்கள் ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி வந்து படுத்திருக்கிற பணக்காரர்களுக்கு, கொழுப்பு ஏறி மூச்சு வாங்குகிறவர்களுக்குச் சொல்கிற பத்தியத்தைக் காதால் கேட்டுக்கொண்டு வந்து, ரத்தமே இல்லாத பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லியிருக்கிறாய். யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன வேகிறது என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே கஷாயம் ஊற்றுகிற வைத்தியன் உண்டா. அந்த மேசைக்காரிக்காவது இவள் யாரென்று தெரியாது. உனக்குத் தெரியும்.

உனக்கு இது புதுசு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லி, நம் பந்தியில் கறி கூடாது, வெஜிடபிள் பிரியாணி போதும் என்று நீதான் அடம் பிடித்தாய். வானூரிலிருந்து வந்த உன் மாமன் மாரியப்பன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு, “அக்கா, என் மருமவ கல்யாணத்துல எனக்குப் பசி இல்லக்கா”ன்னு சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். தன் ஆட்டையே விற்று உனக்குக் கம்மல் போட்ட மனுஷன். இன்றுவரைக்கும் அவர் நம் வீட்டில் கை நனைக்கவில்லை. வந்த ஆபீஸ்காரர்கள் எல்லாரும் முட்டை இல்லையா என்று கேட்டார்கள், அதையும் நான் மறக்கவில்லை.

அன்றைக்கே அன்புச்செல்வியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். லட்சுமியம்மாளிடம் மாமியார் வீட்டில் ஒரு வேண்டுதல் என்று சொன்னேன், அவள் வெற்றிலை பாக்கு வைத்து மஞ்சள் குங்குமம் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் நம் பக்கத்துக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புதுசாக ஒரு லேடி டாக்டர் வந்திருக்கிறார், முஸ்லிம், சின்ன வயசு, தலையில் துப்பட்டா போட்டிருக்கும். ரத்தம் குத்திப் பார்த்துவிட்டு, ஏழு கூட இல்லை என்றது. அடுத்த மாசத்துக்குள் ஏறவில்லை என்றால் விழுப்புரம் அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும், இப்படியே வலி வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து, கொஞ்சம் ரத்தம் போனாலும் இந்த உடம்பு தாங்காது என்று சொன்னது. பிறகு அந்த டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தியது. என்னைக் கூட வெளியே இருங்கம்மா என்றது. நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், காது கேட்கத்தான் செய்தது.

சைவமா அசைவமா என்று அது கேட்கவில்லை பிரியா. “சின்னப் புள்ளைல ஜுரம் வந்து எழுந்தா ஒங்க வூட்டுல மொதல்ல இன்னா குடுப்பாங்க”ன்னு கேட்டது. “யாரும் இல்ல, சொல்லு, எங்க வூட்டுல ஈரல் சூப்பு வெப்பாங்க”ன்னு அதுவே சொன்னது. அப்புறம்தான் இவள் வாயைத் திறந்தாள். சுவரொட்டி, ரத்தப் பொரியல், நெத்திலிக் கருவாடு, கேப்பைக் களி, எல்லாவற்றையும் சொன்னாள், பாவமன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி சொன்னாள். அந்த டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ம் என்றது. கேட்டுவிட்டுத்தான் எழுதியது. பெரிய கறி நன்றாக வேகவைத்துத் தின்னலாம், ஈரல் வாரத்துக்கு ஒருதரம் போதும், தினமும் வேண்டாம், கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக்கிக் கொஞ்சமாக, முருங்கைக்கீரை, எலுமிச்சம்பழம், கூடவே இரும்பு மாத்திரை, அதுதான் முக்கியம் என்றது.

என்னை உள்ளே கூப்பிட்டு எனக்கும் திட்டு விழுந்தது. பிரைவேட் ஆஸ்பத்திரியில எழுதின இரும்பு மாத்திரைய எதோட கொடுத்தீங்க என்று கேட்டது. டீயோடு என்றேன். டீயும் மாத்திரையும் சேர்ந்தால் சத்து உடம்பில் ஒட்டாது, இத்தனை வயசாகி இதுகூடத் தெரியாதா என்றது. யார் எனக்குச் சொன்னார்கள், டீ குடிக்காமல் யாராவது மாத்திரை முழுங்குவார்களா. அது வேறு கதை, இப்போது எலுமிச்சம்பழத் தண்ணீரோடு கொடுக்கிறேன். இன்னொன்றும் சொன்னது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “கறி அதுக்குக் கொமட்டுதுன்னா வாயில திணிக்காதீங்கம்மா, துன்னாதன்னு சொல்றவங்களும் அது வாயப் பாக்கல, துன்னுன்னு நீங்க அடிச்சாலும் அதே கததான், முட்டையும் கீரையும் மாத்திரையுமாவது ஒழுங்கா உள்ள போவட்டும், மனசு மாறினா நாக்கு தானா வரும்”ன்னு சொல்லிவிட்டு, யார் சொன்னால் இந்தப் பெண் கேட்கும் என்று கேட்டது. என் மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், அவள் சொன்னதால்தான் இது இப்படி ஆனது என்றேன். அப்ப அவங்களே சொல்லட்டும் என்றது.

முட்டையைக் கொடுத்துப் பார்த்தேன். வாங்குகிறாள், உரிக்கிறாள், ஜாக்குலின் தட்டில் வைத்துவிடுகிறாள். கீரை இரண்டு வாய். குழம்பு கொதித்தால் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் திட்டினால் அழுகிறாள், திட்டாமல் இருந்தால் சோறு எடுத்து வைத்த இடத்திலேயே காய்கிறது. உன் அப்பா செபஸ்தியான் பேசாத மனுஷன், அவரே நேற்று, “ஏ புள்ள, ஒன் மவளுக்கு எழுது, இது நம்ம ரெண்டு பேரால ஆவற காரியம் இல்ல” என்றார். ராத்திரி எழுந்து அவள் மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன், உன்னிடம்தான் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே.

இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டுவருகிறவள் சூசை மேரி, லீவுக்கு வந்திருந்தாள், வெள்ளிக்கிழமை ஏறுகிறாள். உன் ரூமில் உன் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நேற்று கறிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். தின்றுகொண்டே அவள், “இன்னா பெரீம்மா இதுக்குப் போயி, பிரியாக்காதான் எங்க ரூம்ல வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கேரளா சிஸ்டருங்களோட சேந்துக்கினு தேங்காப் பல்லு போட்டு பீஃப் வறுக்கும், தட்டு வழிச்சி நக்கிட்டுத்தான் எழுந்துக்கும்”ன்னு சொன்னாள். அன்புச்செல்வி உள்ளே இருந்தாள், அவள் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. அடிப்பாவி. அங்கே போய்ப் பீஃப் என்று பேர் வைத்தால் இனிக்கிறது, இங்கே உன் அம்மா சட்டியில் இருந்தால் கிருமியா. மலையாளத்துப் பெண்களோடு உட்கார்ந்தால் ருசி, தம்பி பெண்டாட்டி தின்றால் ஆகாதா. என் வயிற்றில் பிறந்தவள் இப்படி இரண்டு நாக்கு வைத்துக்கொண்டு இருக்கிறாளே என்று அந்தச் சோற்றை என்னால் மேற்கொண்டு தின்ன முடியவில்லை, எடுத்துக் கோழிக்குப் போட்டேன்.

இதற்கெல்லாம் நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, எனக்கு வேண்டாம், மாரியப்பன் மாமாவுக்கு வேண்டுமானால் எழுது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே பூசை முடிகிற நேரத்துக்குக் கோயிலுக்கு எதிரே இருக்கிற எஸ்டிடி பூத்துக்குப் போன் போடு, நம்பர் சூசை மேரியிடம் கொடுத்திருக்கிறேன். பூத்துக்காரன் பிரான்சிஸோடு படித்தவன், கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பான், சொல்லி வைத்துவிட்டேன். அன்புச்செல்வியை உள்ளே உட்கார வைக்கிறேன். நீ அவளுக்குப் பாடம் எடுக்காதே, இரும்பு, கொழுப்பு என்றெல்லாம் சொல்லாதே, அதெல்லாம் அந்த டாக்டர் சொல்லியாகிவிட்டது. நீ என்ன தின்கிறாய் என்பதைச் சொல். வெள்ளிக்கிழமை என்ன வறுத்தாய், எப்படி வறுத்தாய், எத்தனை பேர் உட்கார்ந்து தின்றீர்கள், அதைச் சொல். பிறகு உனக்கு என்ன தின்ன ஆசையாய் இருக்கிறது என்று அவளைக் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவள் சொல்லும்வரை இரு, காசு ஓடினால் ஓடட்டும். கறி என்று சொல்லாமல் வேறு எதையாவது சொன்னாலும் சரி, நண்டு என்றால் நண்டு, அவிச்ச மல்லாட்டை என்றால் அவிச்ச மல்லாட்டை, நான் செய்து போடுகிறேன், எனக்கு இப்போது ரோஷம் இல்லை.

பிரான்சிஸ் வீட்டை மாற்றப் பார்க்கிறேன் என்கிறான், திண்டிவனத்திலேயே ரோஷணைப் பக்கம் ஒரு வீடு இருக்கிறதாம், நம் ஆட்கள், கேள்வி கேட்க மாட்டார்களாம். பிரசவம் முடிகிற வரைக்கும் அவள் இங்கேதான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவனும் டூட்டி முடிந்து இங்கே வந்துதான் தின்ன வேண்டும், அவள் என்ன தின்கிறாளோ அதைத்தான் தின்ன வேண்டும், அவள் தின்னாவிட்டால் அவனுக்கும் இலை கிடையாது என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளாக ரசஞ்சோறு தின்கிறான், முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

மேல் வீட்டு நம்பருக்கு இனி மறந்தும் போன் போடாதே. வெயிலில் நடக்காதே, உள்ளங்கால் எரிச்சலுக்கு விளக்கெண்ணெய் தடவு. பைபிளுக்குள் வைத்த உன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்துக்கொள், போன தடவை மாதிரி கடைசி நாளில் ஓடாதே. ஜாக்குலின் உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், கொடுத்ததாக வைத்துக்கொள். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இருக்கட்டும், அது எங்கேயும் போகாது, ஆனாலும் சகாய மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், போகிற இடத்திலும் வருகிற இடத்திலும் கூட இருக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்துவிட்டு அம்மாவிடம் கொடு என்று சொல்லாதே. எனக்குப் பேச ஒன்றும் இல்லை, நான் பூத்துக்கு வெளியேதான் நிற்பேன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் தானே எழுந்து போய்த் தட்டு எடுத்து வைத்தால், நீ என்ன பேசினாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
செ. சவுரியம்மாள்